கரைக் குப்பையில் ஒரு பங்குனி ஆமை: கேள்வி பதில்

சென்னைக் கடற்கரையில் பொறுக்கும் வலை, செருப்பு, மூடிகளைக் கொண்டு கடல் உயிர்களின் உருவங்கள் செய்து பள்ளிகளிலும் குப்பங்களிலும் வைத்து வருகிறேன். இதுபற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பாட்டில்களில் பெரிய ஆமை செய்யப் போகிறோம். எத்தனை பாட்டில் சேர்க்கச் சொல்லலாம்? (ஆசிரியை, கடலூர்)

எண்ணிக்கை சொல்லாதீர்கள், டீச்சர். ஆரம்பத்தில் ஒரு பள்ளியில் 'ஆளுக்குப் பத்து ஸ்பூன் கொண்டு வாங்க' என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் கையில் கடையில் வாங்கிய புது ஸ்பூன் பாக்கெட், பிரிக்காமலே. பெற்றோரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் கேட்ட விதம்தான் தப்பு. இப்போதெல்லாம் பிள்ளைகளைக் காலையில் கரைக்குக் கூட்டிப் போய், என்ன கிடைக்கிறது என்று பார்த்த பிறகுதான் என்ன செய்வதென்றே முடிவெடுக்கிறோம். ஊசி, மருந்துக் குப்பி, உடைந்த கண்ணாடி இவற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது. கையுறை கட்டாயம்.

அப்புறம், பெரிய ஆமை வேண்டாம். நிஜ அளவில் செய்யுங்கள். பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி என்ற கடலாமையின் ஓடு 60 முதல் 70 சென்டிமீட்டர்தான் இருக்கும். கம்பியில் கூடு கட்டி, மேலே கோழி வலை போர்த்தி, கட்டுக்கம்பியால் முறுக்கினால் உடல் தயார். ஓட்டுத் தகடுகளுக்கு ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை விட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. கத்திக்கு எளிதாக வெட்டுப்படும், தேய்ந்த பச்சையும் சாம்பலும் அப்படியே அந்த ஆமையின் நிறத்துக்கு வந்துவிடும். தகடுகளைப் பிள்ளைகளையே எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பச்சை ஆமை என்ற இன்னொரு வகைக் கடலாமைக்கு நடுவரிசையின் இருபுறமும் நான்கு நான்கு. பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல், சில சமயம் இடமும் வலமும் ஒரே எண்ணிக்கைகூட இராது. எண்ணி ஒட்டிய பிள்ளைக்கு அந்த ஆமை மறக்காது.

2025 ஜனவரியில் அத்தனை ஆமைகள் செத்து ஒதுங்கியது பிளாஸ்டிக்கால்தானே? (கல்லூரி மாணவர், சென்னை)

இல்லை தம்பி. அந்த மாதம் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. பெரும்பாலானவை இழுவை வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவை. ஆமைக்கு இருப்பது நுரையீரல். மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாமல் வலைக்குள் நேரம் போனால் முடிந்தது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் செய்த ஆமையில் ஒரு பாட்டில்கூட வைக்கவில்லை, முழுக்க வலைதான். எந்த உயிரை எது கொல்கிறதோ அதில்தான் அந்த உருவத்தைச் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இல்லையென்றால் பார்க்க வருகிறவருக்குத் தப்பான காரணத்தைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம்.

நாங்கள் மீனவக் குடும்பம். உங்கள் வலை ஆமையைப் பார்த்தால் எங்களைக் குற்றவாளி ஆக்குவது போல இருக்கிறதே? (நாகப்பட்டினம்)

உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. முதல் வலை ஆமையைக் குப்பத்தில் வைத்தபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் துடுப்புக்குப் பக்கம் உட்கார்ந்து நான் போட்ட முடிச்சை அவிழ்த்தார். வலை ஊசியை வரவழைத்து, அந்த இடம் முழுக்கத் தானே கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொண்டே கண்ணிக்குள் விரலை விட்டு அளந்து, எது இழுவை வலைத் துண்டு, எது தங்கூசி (நைலான் இழை) வலை, எது என்ன மீனுக்குப் போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதை எழுதி உருவத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். கடலில் வலை தொலைந்தால் முதல் நஷ்டம் உங்களுக்குத்தான் என்பதையும் அவர் சொல்லித்தான் எழுதினேன்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே டோரஸ் நீரிணையில் எரூப் என்ற தீவு இருக்கிறது. அங்குள்ள கலைஞர்கள், எங்கிருந்தோ மிதந்து வந்து ஒதுங்கும் வலைகளைப் பிரித்துப் பின்னி ஆமை, சுறா, திருக்கை எல்லாம் செய்கிறார்கள். கடலை நம்பி வாழ்கிறவர்களே தங்கள் கடலுக்காகப் பேசுகிறார்கள். இங்கேயும் அந்த வேலை உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆமை பிளாஸ்டிக் கவரைச் சொறி (ஜெல்லி மீன்) என்று நினைத்து விழுங்குமா? (மாணவி, தூத்துக்குடி)

தோற்றம் ஒரு காரணம். மணம் இன்னொன்று. கடலில் கிடந்த பிளாஸ்டிக்கில் பாசியும் நுண்ணுயிரும் படிந்துவிட்டால் அதன் வாசனைக்கு, இரையின் வாசனைக்கு வருவது போலவே ஆமைகள் வந்ததை 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கண்காட்சியில் ஒரு மீன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் கவர் ஒன்றை நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். தொட்டியை லேசாக அசைத்தால் அது சொறி போலவே விரிந்து சுருங்கும்.

கோவையில் யானை செய்ய ஆசை. எதில் செய்யலாம்? (கோவை)

மூங்கில் சட்டத்தில் பிஸ்கட், சிப்ஸ், மசாலா கவர்கள். குப்பைமேட்டுக்கு யானையை இழுப்பது மிச்சச் சாப்பாட்டின் மணமும் உப்பும். கவரோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, கருவும் இருந்தது. வெளியே ஒன்றும் ஒட்ட வேண்டாம், வயிற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்து உள்ளே நிரப்புங்கள்.

வண்ணம் அடிக்கலாமா?

வேண்டாம். வெயிலில் வெளுத்த நிறமே போதும். ஜிகினா, தெர்மாகோல் இரண்டும் வேண்டவே வேண்டாம், வெட்டும்போதே மணி மணியாகப் பறக்கும். பிளாஸ்டிக்கை உருக்கவும் வேண்டாம், புகை நச்சு.

எங்கள் ஊர்க் கடற்கரையில் நிரந்தரமாக நிறுத்தலாமா? சண்டிகர் ராக் கார்டன் இத்தனை வருடம் நிற்கிறதே? (புதுச்சேரி)

நேக் சந்த் கட்டிய அந்தத் தோட்டத்தில் இருப்பது உடைந்த பீங்கான், வளையல், ஓடு, சிமெண்ட். வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் அப்படியில்லை. வெயிலும் உப்புக்காற்றும் பட்டால் நொறுங்கும், நொறுங்கியது மறுபடி மணலுக்கும் கடலுக்கும்தான் போகும். அதனால் என் உருவங்கள் கூரைக்குக் கீழேதான், அதுவும் சில மாதங்கள்தான். ஒட்டுவதைக் குறைத்துக் கம்பியில் கட்டுவதும் அதற்காகவே. பிரிக்கும்போது மூடியும் கம்பியும் காயலான் கடைக்குப் போகும், வலை அடுத்த உருவத்துக்கு.

கரையில் செத்த ஆமையின் ஓடு கிடந்தது. உருவத்தில் சேர்க்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. ஓடு, எலும்பு எதையும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.