மோனோவியில் எத்தனை பேர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள பெரிய நகரமான ஓமஹாவில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், 12ஆம் நெடுஞ்சாலையில் போனபோது ‘மோனோவி 1’ என்று ஒரு பலகையைப் பார்த்தேன். அந்த 1 ஊரின் மக்கள்தொகை. எல்சி ஐலர் என்ற பாட்டி மட்டும் இருக்கிறார் என்றார்கள். ஆனால் 2020 கணக்கெடுப்பில் 2 பேர் என்று இருக்கிறது. எது சரி? பிள்ளைகளோடு போய் இருக்காமல் ஏன் அங்கே தனியாகக் கிடக்க வேண்டும்? நினைத்தாலே பாவமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்சி ஒருவர்தான். அந்த இன்னொரு ஆளைச் சேர்த்தது கணக்கெடுப்புத் துறை. தனிமனிதர்களின் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி வெளியிடுகிறார்கள். ஓமஹாவில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. மோனோவியிலோ ஊரே இரண்டு மடங்காகிவிட்டது. அவர்கள் செய்ததில் எனக்குக் குறை இல்லை. ஒருவர் மட்டும் வாழும் ஊரில் வயது, இனம் என்று எந்த அட்டவணை போட்டாலும் அது அவருடைய சொந்த விவரம்தானே.

1930களில் அங்கே 150 பேர் வரை இருந்தார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது, பண்ணைகள் பெரிதாயின, நாலு குடும்பம் பார்த்த நிலத்தை ஒரு குடும்பமே பார்த்தது. மோனோவி இருக்கும் பாய்டு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுக்க இதே கதைதான். 1920இல் 8,000 பேருக்கு மேல். 2020இல் 2,000 கூட இல்லை. மோனோவியில் முதலில் தபால் நிலையமும் மளிகைக் கடையும் போயின. 1974இல் பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். எல்சியின் பிள்ளைகளும் வேலை தேடிக் கிளம்பினார்கள். 2000 கணக்கெடுப்பில் மிஞ்சியது எல்சியும் கணவர் ரூடியும். 2004இல் ரூடி இறந்தார்.

சரி, பாவம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு சேர மாட்டேன். அவர்கள் இருவரும் 1971 முதல் அங்கே ஒரு கடை நடத்தினார்கள். பீரும் கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும். ரூடிக்குப் பிறகும் எல்சி அதை விடவில்லை. சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் லாரி ஓட்டுபவர்களும் நெடுந்தூரத்திலிருந்து அங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பதை வைத்துத்தான் கணக்கெடுப்பு எண்ணுகிறது. எங்கே சாப்பிடுகிறார், உங்கள் பக்கம் மழை உண்டா என்று யாரிடம் விசாரிக்கிறார் என்பதற்கெல்லாம் அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. மத்தியான நேரத்தில் தலையை எண்ணியிருந்தால் மோனோவியின் மக்கள்தொகை வேறாக இருந்திருக்கும்.

எல்சிதான் மேயர், எழுத்தர், பொருளாளர். மது உரிமத்துக்குத் தானே விண்ணப்பித்துத் தானே கையெழுத்துப் போட்டார். தன்னிடமே வரி வாங்கித் தெருவிளக்கை எரியவிட்டார். வருடா வருடம் மாநில அரசுக்குச் சாலைத் திட்டம் எழுதி அனுப்பினார். அனுப்பாவிட்டால் ஊருக்கு வரும் பணம் நின்றுவிடும். இதைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. யாரும் கேட்காத இடத்திலும் ஒருவர் ஊர்க் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்.

ரூடி பெரிய படிப்பாளி. தன் புத்தகங்களை வைத்து ஒரு நூலகம் திறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் போன பிறகு எல்சி அதைத் திறந்தார். ஒரு சின்னக் கொட்டகை, உள்ளே சுமார் 5,000 புத்தகங்கள். பெயர் ‘ரூடியின் நூலகம்’. பிள்ளைகளிடம் போயிருந்தால் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது?

பலகையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்தினீர்களா?