வாட்டை விடுங்கள், பெட்டியைப் பாருங்கள்: பேஸ் கிட்டார் கேள்வி-பதில்

பேஸ் வாசிப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை "எத்தனை வாட் வாங்கலாம்?" என்பதில்தான் வந்து நிற்கின்றன. கடையிலும் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் மேடையில் பேஸ் கேட்பதும் கேட்காமல் போவதும் ஸ்பீக்கரையும் அது உட்கார்ந்திருக்கும் பெட்டியையும் பொறுத்தது. கீழே உள்ள பல பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் அதைத் தவிர்க்க முடியவில்லை.

கேள்வி (திருச்சி): 500 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) வைத்திருக்கிறேன். 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் கேபினட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) மாட்டியிருக்கிறேன். டிரம்ஸ் ஆரம்பித்தவுடன் என் பேஸ் காணாமல் போகிறது. 800 வாட் ஹெட்டுக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. ஹெட்டில் பணத்தைப் போடாதீர்கள். உங்கள் ஹெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்தை எதிர்க்கும் அளவு. 500 வாட் என்பது பெரும்பாலும் 4 ஓம் கேபினட்டுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. 8 ஓமில் அதே ஹெட் 250 முதல் 300 வாட் வரைதான் தரும். 800 வாட் ஹெட்டும் 8 ஓமில் 400-ஐ ஒட்டித்தான் நிற்கும். 250 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல். டிரம்மர் கொஞ்சம் அழுத்தி அடித்தால் அது இருந்த இடம் தெரியாது. சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும்.

அந்தப் பணத்தில் இப்போது இருக்கும் அதே மாடல் கேபினட் இன்னொன்று வாங்குங்கள். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம். ஹெட் இப்போதுதான் தன் 500 வாட்டையும் வெளியே விடும். அதில் ஏறக்குறைய 3 டெசிபல் கிடைக்கும். காற்றைத் தள்ளும் கோனின் பரப்பும் இரண்டு மடங்காவதால் கீழ் சுரங்களில் இன்னொரு 3 டெசிபல் சேரும். இந்த 6 டெசிபலை ஒரே கேபினட்டில் எடுக்க வேண்டுமென்றால் 1000 வாட்டுக்கு மேல் அனுப்ப வேண்டும். அந்த ஒற்றை ஸ்பீக்கர் அதைத் தாங்காது.

இரண்டையும் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் ஸ்பீக்கர் உங்கள் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். "பேஸ் கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் நிறைய பேருக்குப் பிரச்சினையே சத்தம் முழுவதும் முழங்காலுக்குப் போவதுதான்.

புதுக் கேபினட் வரும்வரை ஒரு வேலை செய்து பாருங்கள். ஹெட்டில் பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கி, மிட் குமிழை ஏற்றுங்கள். தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ்தான். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சுரத்தைக் காது பிடித்துக்கொள்வது 82, 123 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலேயும் வரும் ஹார்மோனிக்குகளை வைத்து. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்த சத்தம் அழகாக இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது உங்களை மறைப்பதும் அதே செட்டிங்தான்.

கேள்வி (தூத்துக்குடி): எங்கள் சர்ச்சில் 100 வாட் கிட்டார் ஆம்ப் ஒன்று இருக்கிறது. அதில் பேஸ் வாசிக்கலாமா?

மெதுவாக, பயிற்சிக்கு மட்டும் என்றால் சரி. ஆராதனைக்கு வேண்டாம். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கினால், அதே சத்தத்தை எழுப்பக் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு அசைவுக்குச் செய்யப்பட்டதல்ல. நிறைய கிட்டார் ஆம்புகளில் பின்பக்கம் வேறு திறந்திருக்கும். பின்னால் வரும் அலை முன்னால் வரும் அலையை அழித்துவிடும். சத்தம் போதவில்லை என்று நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) தட்ட ஆரம்பிக்கும்.

தலைகீழாகச் செய்தால் தொல்லை இல்லை. ஃபெண்டர் 1952இல் பேஸுக்கென்றே கொண்டுவந்த பேஸ்மேன் ஆம்பைக் கிட்டார்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப் அதன் சர்க்யூட்டைத்தான் பின்பற்றியது. கிட்டாரைப் பேஸ் ஆம்ப் தாங்கும், பேஸைக் கிட்டார் ஆம்ப் தாங்காது. சர்ச்சில் மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும் இருந்தால், ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கி நேராக மிக்சருக்கு அனுப்புங்கள். அதுதான் குறைந்த செலவு.

கேள்வி (யாழ்ப்பாணம்): என்னிடம் 8 ஓம் கேபினட், நண்பரிடம் 4 ஓம் கேபினட். ஹெட்டில் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருக்கிறது. இரண்டையும் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். ஹெட்டின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் அவுட் இருந்தாலும் வழக்கமாக அவை உள்ளே பேரலலாக, அதாவது இரண்டும் ஒரே இரு முனைகளில்தான் இணைந்திருக்கும். இரண்டு ஓமையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள்: 32-ஐ 12-ஆல் வகுத்தால் 2.67 ஓம். ஹெட் கேட்கும் 4 ஓமைவிடக் குறைவு. சில ஹெட்டுகள் பாதுகாப்புக்காகத் தாமாகவே நின்றுவிடும். சில, பாட்டின் நடுவில் சூடாகி உயிரை விடும். தவிர, 4 ஓம் கேபினட் மற்றதைப் போல இரண்டு பங்கு வாட்டை இழுத்துக்கொள்ளும். ஏதாவது ஒன்றை மட்டும் மாட்டுங்கள்.

ஓம் எழுதிய ஸ்டிக்கர் போய்விட்ட பழைய கேபினட்டாக இருந்தால், ஹெட்டிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து அளக்கலாம். 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.8 வரை. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் வாய்ஸ் காயில் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே வயர் கழன்றிருக்கிறது.

கேபிளையும் கவனியுங்கள். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் முனையில் ஒரே மாதிரி ஜாக்தான் வைத்திருக்கும். கிட்டார் கேபிளின் உள் கம்பி மிக மெல்லியது, நூற்றுக்கணக்கான வாட்டுக்கு அது சூடாகும். ஹெட்டில் ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் கேபிளுக்கென்றே உள்ள) சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தவறான கேபிளை மாட்ட வழியே இருக்காது.

கேள்வி (கோயம்புத்தூர்): நானே ஒரு கேபினட் செய்யப் போகிறேன். காரிலிருந்து கழற்றிய 12 இன்ச் சப்வூஃபர் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா? என்ன மரம்? போர்ட் (காற்று போய்வரும் குழாய்த் துளை) வைக்கலாமா?

முதலில் சப்வூஃபரை ஓரமாக வையுங்கள். கார் சப்வூஃபர் பலவும் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 84 முதல் 88 டெசிபல்தான் தரும். பேஸ் கிட்டாருக்கான 12 இன்ச் ஸ்பீக்கர் 97ஐத் தாண்டும். இந்த 10 டெசிபலை ஈடுகட்ட எத்தனை வாட் வேண்டும் என்று முதல் பதிலிலேயே பார்த்தோம். சப்வூஃபரில் மிட்டும் கிடையாது. உறுமல் வரும், சுரம் வராது.

பேஸ் ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் டேட்டாஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஸ்பீக்கர் பெட்டிக் கணக்கையும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கியதையும் வைத்துத்தான் இன்று உலகம் முழுக்கப் பெட்டி செய்கிறார்கள். அந்தக் கணக்குக்குத் தேவையான, டேட்டாஷீட்டில் இருக்கும் எண்களை இலவசமாகக் கிடைக்கும் கணிப்பு மென்பொருளில் போட்டால், எத்தனை லிட்டர் பெட்டி, போர்ட் என்ன நீளம் என்று சொல்லிவிடும். கண்ணில் பிடித்த அளவில் பெட்டி அடித்துவிட்டு அதற்கு ஸ்பீக்கர் தேடுவதைப் போன்ற வீண்வேலை இந்தத் துறையில் வேறில்லை.

முதல் முயற்சி என்றால் போர்ட் இல்லாத மூடிய பெட்டியே செய்யுங்கள். கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். ஆம்பெக் எஸ்விடி 1969இல் 300 வாட் வால்வு ஹெட்டாக வந்தபோது அதோடு வந்த எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் பெட்டி மூடிய பெட்டிதான். இன்றும் ராக் மேடைகளில் அதைத்தான் தேடுகிறார்கள். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம். எட்டும் பேரலலாகச் சேர்ந்து 4 ஓம். போர்ட் வைத்த பெட்டியில் கீழ் சுரம் கூடுதலாக வரும். ஆனால் போர்ட் ட்யூன் செய்யப்பட்டிருக்கும் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். அதை அழுத்தி வாசித்தால் கோன் கட்டுப்பாடில்லாமல் குதிக்கும். போர்ட் வைத்தே தீருவேன் என்றால், 30 அல்லது 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

மரம்: 18 எம்.எம். மரைன் ப்ளை. உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைப்பதாக இருந்தால் 12 எம்.எம். போதும், தூக்கவும் எளிது. எம்டிஎஃப் வேண்டாம். ஈரம் பட்டால் ஓரம் ஊதிவிடும், ஸ்க்ரூவும் இரண்டு தடவை கழற்றினால் பிடிக்காது. ஸ்பீக்கரை மரத்தில் நேராக ஸ்க்ரூ போடாமல், உள்பக்கம் டீ-நட் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். உள்சுவரில் ஒட்டுவதற்கு ஷீட்டாக வரும் ஃபைபர் பஞ்சுதான் சரி. வீட்டில் இருக்கிறதே என்று இலவம்பஞ்சை அள்ளிப் போடாதீர்கள், அந்த நூல் பறந்து ஸ்பீக்கருக்குள் போகும்.

பெட்டி முடிந்ததும் கசிவைப் பார்க்க வேண்டும். கோனின் மேல் நான்கு விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். நன்றாக மூடிய பெட்டி என்றால் கோன் தயங்கித் தயங்கித் திரும்பும். சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. ஈ கம்பியை வாசிக்க ஒருவரை உட்காரவைத்துவிட்டு, ஊதுபத்தியை மூலைகளிலும் ஜாக் தட்டின் ஓரத்திலும் காட்டிக்கொண்டே வாருங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே சிலிக்கான் வையுங்கள். ஜாக் தட்டில்தான் அதிகம் விட்டுப்போகும்.

கேள்வி (சேலம்): ஜாஸ் பேஸில் (இரண்டு பிக்கப் உள்ள பேஸ்) ஹம், அதாவது மின் இரைச்சல், அதிகம். கம்பியைத் தொட்டால் குறைகிறது. மேடையில் ஒருவர் ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொன்னார்.

எர்த் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆம்பின் உள்ளே ஒரு வயர் அறுந்து உலோகத்தில் பட்டால், அந்த 230 வோல்ட் உங்கள் கம்பி வரை வரும். எர்த் பிடிக்காத ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் பேஸைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதட்டை வைத்தால் உயிரே போகலாம். மிக்சரோடு இணைத்தபின் வரும் ஹம்முக்கு டிஐ பாக்ஸில் "கிரவுண்ட் லிஃப்ட்" சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், ஆம்பின் எர்த்தைத் தொடாது.

உங்கள் பேஸுக்கு வருவோம். தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் நன்றாக இருக்கிறது, உள்ளே ஷீல்டிங்தான் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லை. தாமிர டேப் வாங்கி, பாட்களும் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள்) பிக்கப்பும் உட்காரும் குழிகளின் சுவரிலும் தரையிலும் ஒட்டுங்கள். வயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். டேப்பின் பசை பலவற்றில் மின்சாரம் கடத்தாது. அதனால் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடமெல்லாம் ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை இந்த மூலையிலும் மறு முனையை எதிர் மூலையிலும் வைத்தால் பீப் சத்தம் வர வேண்டும். பிறகு டேப்பிலிருந்து ஒரு வயரை வால்யூம் பாட்டின் முதுகுக்கு இழுத்து ஈயம் வையுங்கள். ஜாக்கின் சிக்னல் முனை டேப்பில் படாதபடி அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பட்டால் சத்தமே வராது.

இவ்வளவும் செய்தபின், ஒரே பிக்கப்பில் வாசிக்கும்போது கொஞ்சம் ஹம் மிஞ்சும். பக்கத்து டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தைத் தாமிரம் தடுக்காது. இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்தால் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் ஹம்மை ஒன்று அழித்துவிடும்.

கேள்வி (சென்னை): பழைய வால்வு ஹெட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வீடியோ பார்த்து நானே பயாஸ் (வால்வில் ஓடும் மின்னோட்ட அளவு) செட் பண்ணலாமா?

இதற்கு மட்டும் வேண்டாம் என்றே சொல்வேன். உள்ளே 500 வோல்ட்டுக்கு மேல் ஓடலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதுவரை கேபினட் மாட்டாமல் அதை ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

கேள்வி (மதுரை): ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளது) பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்கலாமா?

கேபிளைப் பேஸிலேயே மாட்டி வைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜாக் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாசித்து முடித்ததும் பேஸ் பக்கத்தில் கழற்றுங்கள். 18 வோல்ட், ப்ரீஆம்பின் டேட்டாஷீட் அனுமதித்தால் மட்டும். அதனால் சத்தம் அதிகமாகாது, பேட்டரியும் அதிக நாள் வராது. அழுத்தி வாசிக்கும்போது சத்தம் உடையாமல் இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (கொழும்பு): அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒரு பேஸ் காம்போ கொண்டுவருகிறார். இங்கே ஓடுமா?

பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "100-240" என்று இருந்தால் பவர் கார்டை மட்டும் மாற்றினால் போதும். 115/230 சுவிட்ச் இருந்தால் அதை 230க்குத் தள்ளி, ஃபியூஸை அந்த வோல்ட்டேஜுக்குத் தகட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு மாற்றுங்கள்; பெரும்பாலும் பழையதில் பாதி இருக்கும். வெறும் "120" என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் தேவை. தகட்டில் எழுதியிருக்கும் வாட்டைப் போல ஒன்றரை மடங்கு விஏ உள்ளதாகப் பாருங்கள். ஹேர் டிரையருக்கு விற்கும் சின்ன கன்வெர்ட்டரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது மல்டிமீட்டரைக் கடைக்கே கொண்டுபோய், அதன் அவுட்புட் சாக்கெட்டில் இருக்கும் எர்த் துளைக்கும் இன்புட் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.