தங்கையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், உதவிக்கு யாரிடம் போவது?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. அவள் ஒரு பெண்ணை விரும்புவது வீட்டில் தெரிந்த நாளிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்கள், வேலைக்கும் விடுவதில்லை. ‘சரிபண்ணிடலாம்’ என்று சொன்ன ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மாவோ சரியாகச் சாப்பிடுவதே இல்லை. தங்கைக்கும் உதவி வேண்டும், பெற்றோருக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் யாரிடம் போவது?

பதில்: யாரிடமும் போவதற்கு முன்னால் தங்கையிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டை விட்டுப் போக வேண்டுமா, வீட்டிலேயே இருந்து வேலைக்குப் போனால் போதுமா, இல்லை இப்போதைக்கு அந்த டாக்டரிடம் போவது நின்றால் போதுமா? இதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் ஊகிக்கக் கூடாது. நாளைக்கு ஸ்டேஷனோ கோர்ட்டோ எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது அவர் விருப்பத்தைத்தான்.

வயது வந்த இருவர், ஒரே பாலினத்தவராக இருந்தாலும், சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பில் ஒரே பாலினத்தவருக்குத் திருமண உரிமை கிடைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் சேர்ந்து வாழ அது தடையே இல்லை.

டாக்டர் விஷயம் அவசரம். ஒருவருடைய ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மாநில கவுன்சில்களுக்கு எழுதியிருக்கிறது, ஆகவே தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மருந்துச் சீட்டு, பில், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், சில மருந்துகளில் அது ஆபத்து. வேறொரு மனநல மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

தங்கை வீட்டை விட்டுக் கிளம்ப முடிவு செய்தால், மறுநாளே ‘மகளைக் காணவில்லை’ என்று புகார் போகும், அதோடு ‘நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்’ என்பதும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரு பொட்டுத் தங்கம்கூட எடுக்கக் கூடாது, காதில் கிடக்கும் தோடு அம்மா வாங்கிக் கொடுத்தது என்றால் அதையும் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். ஆதார், பான், சான்றிதழ்கள், வங்கி அட்டை போதும். ‘எனக்கு 24 வயது, என் சொந்த விருப்பத்தில் போகிறேன், யாரும் கடத்தவில்லை’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, வீடு இருக்கும் பகுதி காவல் நிலையத்துக்கும் போய்ச் சேரும் ஊரின் காவல் நிலையத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ல் போட்ட உத்தரவு இங்கே கைகொடுக்கும்: காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர் வயது வந்தவர், விருப்பத்தோடுதான் இருக்கிறார் என்று வாக்குமூலத்தில் தெரிந்தால், போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். 2022-ல் காவலர் நடத்தை விதிகளிலேயே தன்பால் ஈர்ப்பாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லா ஸ்டேஷனிலும் இது தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள், உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

வெளியே வரவே விடவில்லை என்றால் ஆட்கொணர்வு மனுதான், அதாவது அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. உங்கள் ஊரைப் பொறுத்து சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ போட வேண்டும். நீங்களும் போடலாம், அவருடைய துணையும் போடலாம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனுவில்தான் 25 வயதுப் பெண்ணை வீட்டுக் காவலிலிருந்து விடுவித்தது. உங்கள் கண் முன்னால் அடி, மிரட்டல் நடந்தால் மட்டும் கோர்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசர எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

தங்குவதற்கு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டத்திலுள்ள அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம் சில நாட்களுக்கு இடம் கொடுக்கும். அங்கே இருப்பவர்களே நல்லது செய்வதாக நினைத்து அப்பாவுக்குப் போன் போட்டுவிடக்கூடும், ஆகவே வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பெண் என்பதால் அரசின் தோழி விடுதியிலும் இடம் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, பெற்றோர். அவர்களைச் சட்டத்தைக் காட்டி மடக்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகிப்போவார்கள். சென்னையில் ஓரினம் என்ற குழு தன்பால் ஈர்ப்பாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வருடக்கணக்காக வேலை செய்கிறது. மும்பையில் பெற்றோர்களே சேர்ந்து தொடங்கிய ஸ்வீகார் என்ற அமைப்பும் இருக்கிறது. நான் சொல்வதையோ நீங்கள் சொல்வதையோ விட, இதே நிலையைக் கடந்து வந்த இன்னொரு அம்மா சொல்வது உங்கள் அம்மாவுக்கு ஏறும். அப்பா கௌரவம் பார்ப்பவர் என்றால் அந்த 2021 வழக்கைச் சொல்லிப் பாருங்கள்: இதைப் பற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதும் முன் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் அந்த நீதிபதி. அந்தப் பெண்களின் பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆனால் முதல் சந்திப்புக்கு அம்மாவை மட்டும் கூட்டிப்போங்கள், தங்கையை அதே அறையில் உட்கார வைக்க வேண்டாம்.