சொல்லாத ஒரு ‘தான்’

கேள்வி: திருடியவனைக் கேள்வி கேட்டால் தடுமாறுவான் என்பது எல்லோரும் அறிந்தது. பணம் காணாமல் போனபோது ஐந்து பேரை விசாரித்தேன். நால்வர் பளிச்சென்று பதில் சொன்னார்கள், ஒருவர் தடுமாறினார். அவரே எடுத்தவர் என்றேன். திருடாதவன் ஏன் தடுமாறப்போகிறான்? நண்பர் இதைத் தர்க்கப் பிழை என்கிறார். பிழை எங்கே என்றால் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

பதில்: தெரிகிறது, ஒன்றல்ல, இரண்டு. நண்பருக்கு விளக்கத் தெரியாததால் உங்கள் வாதம் சரியாகிவிடவில்லை.

‘திருடியிருந்தால் தடுமாறுவான்’ என்பது திருட்டிலிருந்து தடுமாற்றத்துக்குப் போகும் ஒருவழிப் பாதை. நீங்கள் எதிர்த்திசையில் வந்திருக்கிறீர்கள். அச்சம், கூச்சம், திக்குவாய், தன்மேல் பழி விழுகிறதே என்ற அவமானம் ஆகியவற்றில் எதுவும் நாக்கைக் குழறச் செய்யும். இவற்றில் ஒன்றையும் உங்கள் விதி விலக்கவில்லை. வாதத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள்: மீனாக இருந்தால் நீந்தும், தவளை நீந்துகிறது, ஆகவே தவளை மீன். முதல் இரண்டும் உண்மை, முடிவு பொய். திருடாதவன் ஏன் தடுமாறப்போகிறான் என்ற உங்கள் இரண்டாவது வாதமோ, மீனல்லாதது ஏன் நீந்தப்போகிறது என்று கேட்பதற்குச் சமம்.

இந்தச் சறுக்கலுக்கு நம் அன்றாடப் பேச்சும் ஒரு காரணம். ‘வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடலாம்’ என்று தாய் சொன்னால், முடிக்காவிட்டால் விளையாட்டு இல்லை என்று பிள்ளை சரியாகவே புரிந்துகொள்கிறது. ஏனெனில் ‘முடித்தால்தான்’ என்பதே அவள் கருத்து. அவள் வாயால் சொல்லாத ‘தான்’ பிள்ளையின் காதில் விழுந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் ‘மழை பெய்தால் தரை நனையும்’ என்பதையும் ‘மழை பெய்தால்தான் நனையும்’ என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டெழுத்து இடைச்சொல்தான், ஆனால் ‘இது போதும்’ என்பதற்கும் ‘இது இல்லாமல் நடக்காது’ என்பதற்கும் உள்ள தூரம் முழுவதும் அதில் இருக்கிறது. விதியை நீங்கள் எழுதியபோது அந்தத் ‘தான்’ இல்லை. முடிவு கட்டியபோது வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் பிடிக்க மேல்நாட்டுத் தர்க்கம் வரவேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில், பழுதுபட்ட எடுத்துக்காட்டுகளை அடுக்கும் இடத்தில், ‘விபரீத அன்னுவயம்’ என்றே ஒரு குற்றம் பேசப்படுகிறது. செய்யப்பட்டதெல்லாம் அழியும் என்று சொல்லவேண்டிய இடத்தில், அழிவதெல்லாம் செய்யப்பட்டது என்று உறவைத் திருப்பிப் போடுவதே அக்குற்றம். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்றால் நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டா என்ற கேள்விக்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி வாயடைத்தவர்களும் நம் பழைய தர்க்க நூலாரே.

திருப்பிப் போட அனுமதியுள்ள வழி ஒன்று உண்டு: இரு பக்கத்தையும் மறுத்துவிட்டுத் திருப்புவது. தடுமாறவில்லை என்றால் திருடவில்லை. ஆனால் இந்த வழி விதியின் உண்மையை நம்பியே நிற்கிறது. கைதேர்ந்த திருடன் தடுமாறுவதில்லை என்பதை நீங்களும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தடுமாற்றத்தைக் கண்டு ஐயப்படுவதில் தவறில்லை. மருத்துவரும் அறிகுறியிலிருந்து நோய்க்குப் பின்னோக்கித்தான் போகிறார். ஆனால் அதை ஊகமாக வைத்துக்கொண்டு சோதனைக்கு எழுதித் தருகிறார். நீங்கள் நேரே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

எதைச் சோதிப்பது என்பதிலும் மனிதர்கள் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். 1966இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் வெளியிட்ட புதிரை நம் எழுத்தில் சொல்கிறேன். அ, க, 4, 7 என்று நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது மெய்யா என்று அறிய எவற்றைப் புரட்டவேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்றோ அ மட்டும் என்றோ சொன்னார்கள். விடை அ, 7. 4இன் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்குப் பங்கமில்லை. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி அங்கேயே விழுந்தது.

உங்கள் கையில் இருந்த 4, தடுமாறிய அந்த ஒருவர். 7கள், பளிச்சென்று பதில் சொன்ன நால்வர். அவர்கள் சொன்னதைச் சரிபார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.