விவாகரத்துக்குப் பிறகு கிரீன் கார்டு: கேள்வி பதில்

கே: கணவர் அமெரிக்கக் குடிமகன். விவாகரத்து ஆனால் என் கிரீன் கார்டு போய்விடுமா?

ப: முதலில் கார்டை எடுத்துப் பாருங்கள். 10 வருட கார்டு என்றால் விவாகரத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வகை என்ற இடத்தில் சிஆர்1 அல்லது சிஆர்6 என்று போட்டு, 2 வருடம்தான் செல்லும் என்றால் அது நிபந்தனைக் கார்டு. நிபந்தனையை நீக்க ஐ-751 படிவம் போட்டாக வேண்டும்.

கே: ஐ-751இல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது.

ப: அவர் கையெழுத்தே வேண்டாம். தீர்ப்பின் நகலை வைத்து, வெய்வர் (கணவரோடு சேர்ந்து போட வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு) கேட்டு நீங்கள் தனியாகப் போடலாம். காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் போட வேண்டும் என்ற கணக்கு சேர்ந்து போடுகிறவர்களுக்குத்தான். உங்களுக்கு அது இல்லை, இன்றே போடலாம். ரசீது வந்ததும் பத்திரப்படுத்துங்கள், அதுதான் கார்டை 48 மாதம் நீட்டிக்கும் தாள்.

பலர் சறுக்குவது ஆதாரத்தில். கல்யாண ஆல்பத்தை முழுசாக ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். மண்டபத்தில் ஒரு நாள் நின்றதைத்தான் அது காட்டும். ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினீர்களா என்பதுதான் அதிகாரிக்கு வேண்டும். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, நாமினி பெயருள்ள இன்சூரன்ஸ் தாள். கூட்டு வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்து வாடகையும் மளிகையும் போயிருக்க வேண்டும். 50 டாலர் போட்டுத் திறந்து அப்படியே கிடக்கும் கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஏன் பிரிந்தீர்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் நேராக எழுதி வையுங்கள். தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றும் கட்டாயம்.

கே: கார்டு அடுத்த மாதம் முடிகிறது, வழக்கு இன்னும் கோர்ட்டில்.

ப: அவர் சம்மதித்தால் சேர்ந்தே போடுங்கள், தீர்ப்பு வந்ததும் வெய்வராக மாற்றச் சொல்லி எழுதலாம். சம்மதிக்காவிட்டால் வழக்கு நடப்பதைக் காட்டும் கோர்ட் தாளோடு தனியாகப் போடுங்கள். தீர்ப்பைக் கேட்டுக் கடிதம் வரும். அதிலுள்ள கெடு தவறினால் மறுத்துவிடுவார்கள். தீர்ப்பு வந்தபின் மறுபடி போட வழியுண்டு, ஆனால் நடுவில் குடியேற்ற நீதிமன்ற நோட்டீஸ் வரலாம். அந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

கே: ஸ்பான்சர்ஷிப்பை ரத்து செய்வேன் என்று மிரட்டுகிறார்.

ப: கார்டு வந்தபின் முடியாது. ஐ-864 என்ற ஸ்பான்சர் உறுதிப் படிவத்தில் அவர் ஏற்ற பொறுப்பு விவாகரத்தோடு தீராது.

கே: குடியுரிமைக்கு 3 வருடமா, 5 வருடமா?

ப: 5. நிபந்தனைக் கார்டில் இருந்த காலமும் அதில் சேரும். குடிமகனை மணந்தவர்களுக்கான 3 வருடச் சலுகையில் விண்ணப்பித்தவர்களும், உறுதிமொழி எடுக்கும் முன் விவாகரத்து ஆனால் அதை இழப்பார்கள்.

கே: மறுமணம் செய்து புதுக் கணவரை அழைத்து வரலாமா?

ப: கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் ஆகவில்லை என்றால், முதல் திருமணம் உண்மையானது என்று மறுபடி நிரூபிக்கச் சொல்வார்கள். குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தக் கட்டு இல்லை. அதுவரை ஐ-751க்குச் சேர்த்த ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.