சாலைக்குக் கொடுக்கும் கடனை யார் திருப்பித் தருவார்கள்?

கேள்வி: கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். சாலை, ரயில் மேம்பாட்டுக்காக மாநிலம் வெளியிட்ட கடன் பத்திரத்தில் 40,000 டாலர் போடச் சொல்கிறார் என் புரோக்கர். பத்து ஆண்டு முதிர்வு, வட்டிக்கு வரி இல்லை என்கிறார். நான்கு ஆண்டில் கல்லூரிக்குப் போகும் மகளுக்காகச் சேர்த்த பணம் இது. போடலாமா?

பதில்: பத்திரத்தில் குறையில்லை. அந்தப் பத்து ஆண்டுதான் உங்களுக்குச் சரிப்படாது.

முதலில் அது எந்த வகை என்று கேளுங்கள். 2006 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் ‘1பி’ முன்மொழிவுக்கு ஒப்புதல் தந்து, போக்குவரத்துக்காகக் கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர் கடன் வாங்க மாநிலத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இது ‘ஜெனரல் ஆப்ளிகேஷன்’ வகை, அதாவது மாநிலமே தன் பொதுநிதியிலிருந்து அடைக்கும் கடன். பொதுக் கல்விக்கு ஒதுக்கியதும், மாநிலப் பொதுநிதியில் அடுத்த உரிமை இந்தக் கடனுக்குத்தான். சாலையில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் வட்டி வரும். இந்த வகையில் ஒரு மாநிலம் தவணை தவறியது கடைசியாக 1933-இல். பெருமந்தக் காலத்து ஆர்கன்சா, அதுவும் நெடுஞ்சாலைக் கடனில்தான்.

‘ரெவென்யூ’ பத்திரம் வேறு. சுங்கமோ டிக்கெட்டோ வசூலானால்தான் பணம். இந்த வகைப் பத்திரத்தில் கட்டிய லாஸ் வேகஸ் மோனோ ரயிலுக்கு எதிர்பார்த்த அளவு ஆள் ஏறவில்லை. 2010-இல் திவால் மனு போட்டார்கள். காப்பீடு இல்லாத பத்திரங்களை வைத்திருந்தவர்கள் பணத்தை இழந்தார்கள். நெவாடா அரசின் துறை ஒன்றின் பெயரில் வெளியான பத்திரம்தான் அது! அதனால் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். பத்திரத்தின் விவரங்களைச் சொல்லும் ‘அஃபிஷியல் ஸ்டேட்மென்ட்’ ஆவணத்தில் கடனை எந்தப் பணத்திலிருந்து அடைக்கிறார்கள் என்ற பகுதியைப் படியுங்கள்.

சரி, உங்கள் புரோக்கர் சொல்வது முதல் வகை என்றே வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கப் போனால், இன்னும் ஆறு ஆண்டு பாக்கியிருக்கும். அதற்குள் சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறியிருந்தால், புதிய பத்திரங்கள் கூடுதல் வட்டி தருவதால் உங்கள் பத்திரத்தின் விலை சுமார் ஐந்து சதவீதம் இறங்கும். உங்கள் தொகையில் அது ஏறக்குறைய 2,000 டாலர். மகள் படிப்புப் பணத்தில் அந்த ஓட்டை வேண்டாமே. ஏற்கனவே சந்தையில் இருக்கும் பழைய பத்திரங்களில், நான்கு ஆண்டுக்குள் முதிர்வதாகப் பார்த்து வாங்குங்கள்.

வரிச் சலுகை உண்மைதான்: மாநிலவாசிக்கு வட்டியில் மத்திய வரியும் இல்லை, கலிபோர்னியா வரியும் இல்லை. ஆனால் விற்று வரும் லாபத்துக்கு வரி உண்டு. அப்புறம், ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் ஒன்று: இந்திய வருமான வரிச் சட்டப்படி முழு வசிப்பாளர் ஆனபின் இந்த வட்டிக்கு அங்கே வரி கட்ட வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் பத்திரத்தின் அடையாளக் குறியீடான ‘கியூசிப்’ (CUSIP; எண்ணும் எழுத்துமாக ஒன்பது இடம்) எண்ணை, இத்தகைய அரசுப் பத்திரங்களின் விவரம் தரும் ‘எம்மா’ (EMMA) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். அதே பத்திரம் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று தெரியும். புரோக்கர் சொல்லும் விலை அதைவிட நன்றாக உயர்ந்திருந்தால், வித்தியாசம் எதற்கென்று தயங்காமல் கேளுங்கள்.