கிளிக் நிறைய வருகிறது, ஆர்டர் ஏன் வரவில்லை?

கேள்வி: அலுவலக நாற்காலிகளை இணையத்தில் விற்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் "இன்றே வாங்குங்கள், 15% தள்ளுபடி" என்ற ஒரே விளம்பரம்தான் ஓடுகிறது. கிளிக் நிறைய வருகிறது, ஆர்டர் வெகு குறைவு. பட்ஜெட்டைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்குக் கூட்டாதீர்கள். உங்கள் விளம்பரத்தில் தப்பான வரி எதுவும் இல்லை. ஆனால் வாங்க முடிவு செய்துவிட்டவரிடம் சொல்ல வேண்டியதை, நாற்காலியைப் பற்றி யோசிக்கவே தொடங்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

வாங்குபவரின் மனநிலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது பழைய யோசனை. கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற வரிசையை 1898-இல் அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் அப்படி வரிசையாக நடப்பதில்லை. முன்னே போவார்கள், திரும்புவார்கள், இரண்டு வாரம் மறந்தும் போவார்கள். அதனால் கட்டத்தின் பெயரைவிட, அந்த நேரத்தில் அவர் மனதில் இருக்கும் கேள்வியைப் பிடிப்பதுதான் முக்கியம்.

கூகுளில் அந்தக் கேள்வியை அவரே தட்டச்சு செய்கிறார். உங்கள் விளம்பரக் கணக்கில் தேடல் சொற்களுக்கான அறிக்கை இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். "உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது" என்று தேடியவருக்கு நாற்காலி வேண்டும் என்றே இன்னும் தோன்றவில்லை. "மெஷ் நாற்காலியா, ஃபோம் நாற்காலியா, எது நல்லது" என்று தேடியவர் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மாடல் பெயரோடு "விலை" என்று சேர்த்துத் தேடியவர் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டார். "நாற்காலிச் சக்கரம் மாற்றுவது எப்படி" என்று தேடியவர் உங்களிடம் வாங்கப்போவதே இல்லை; அவருடைய கிளிக்குக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். அந்த மாதிரிச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில், அதாவது எந்தச் சொல்லைத் தேடினால் உங்கள் விளம்பரம் வரக்கூடாது என்ற பட்டியலில், போட்டுவிடுங்கள்.

முதல் ஆளுக்குத் தள்ளுபடி தேவையில்லை. இருக்கையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும், முதுகுத் தாங்கல் எங்கே படவேண்டும் என்று காட்டும் சின்ன வீடியோ போதும். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் இதற்குத்தான் பொருத்தம், ஏனென்றால் அங்கே யாரும் நாற்காலி தேடி வருவதில்லை.

நடுவில் இருப்பவரைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒப்பிடுகிறவருக்கு வேண்டியது விவரம்: எத்தனை கிலோ தாங்கும், கைப்பிடி மேலே கீழே நகருமா, எவ்வளவு உயரமுள்ளவருக்குச் சரிவரும், உத்தரவாதத்தில் எந்தெந்தப் பாகம் அடங்கும். உங்கள் தயாரிப்புப் பக்கத்தில் "மிகச் சிறந்த தரம்" என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு இந்த விவரங்களைப் போடுங்கள். இந்த மாடல் யாருக்கு ஒத்துவராது என்றும் ஒரு வரி சேர்க்கலாம். நம்பிக்கை கூடும், திருப்பி அனுப்புவதும் குறையும்.

கார்ட்டில் போட்டுவிட்டு நின்றவருக்கு மறுபடி விளம்பரம் காட்டும்போது, உடனே தள்ளுபடியை நீட்டாதீர்கள். காத்திருந்தால் விலை இறங்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு நாமே பழக்கிவிடுகிறோம். அவர் ஏன் நின்றார் என்று முதலில் பாருங்கள். கடைசிப் பக்கத்தில்தான் டெலிவரி கட்டணம் தெரிகிறதா? கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறீர்களா? நாற்காலி பெரிய பொருள், பிடிக்காவிட்டால் எப்படித் திருப்பி அனுப்புவது என்ற பயம் இயல்பு. "எங்கள் ஆளே வந்து எடுத்துக்கொள்வார்" என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்த ஒரு வரி 15 சதவீதத்தைவிட அதிகம் வேலை செய்யும்.

அப்புறம், வாங்கியவரை அந்த விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நேற்று முழு விலைக்கு வாங்கியவருக்கு இன்று அதே நாற்காலியைத் தள்ளுபடியில் காட்டுவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. அவருக்குப் பொருத்தும் முறையைக் காட்டும் வீடியோவை அனுப்புங்கள். கொஞ்ச நாள் கழித்து மதிப்புரை கேளுங்கள். அலுவலகத்துக்காக வாங்கியவர் என்றால், மொத்தமாக வாங்க விருப்பமா என்று விசாரிக்கலாம்.

கணக்குப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் கிளிக் செய்த 7 நாளுக்குள்ளோ பார்த்த 1 நாளுக்குள்ளோ நடந்த விற்பனைதான் பொதுவாக அதன் கணக்கில் ஏறும். நாற்காலி வாங்க ஒரு மாதம் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதல் கட்ட வீடியோவை ஆர்டர் எண்ணிக்கையை வைத்து எடைபோட்டால் அது தோற்றதாகவே தெரியும். எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தளத்துக்குத் திரும்ப வந்தார்கள் என்று பாருங்கள். ஆர்டர் கணக்கைக் கடைசிக் கட்ட விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பட்ஜெட். முதலில் கார்ட் பக்கத்தைச் சரிசெய்யுங்கள், அதற்குச் செலவு குறைவு. பிறகு தயாரிப்புப் பக்க விவரங்கள். இரண்டும் முடிந்து, தளத்துக்கு வருகிறவர்களில் வாங்குகிறவர்களின் விகிதம் ஏறியபின், புதியவர்களுக்கான வீடியோவில் பணத்தைக் கூட்டுங்கள்.